கழிப்பறையை ஒட்டிய நாற்காலி

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை முடிந்ததிலிருந்து தணிகாசலத்துக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்க, அதே நோய் கண்ட ஒருவரையும் தணிகாசலத்துக்குத் தெரியாது.

கல்யாண மண்டபத்தில் கழிப்பறையை ஒட்டிய நாற்காலியைத் தேடிப் போனார். அதில் ஒருவர் மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அடிக்கடி எழுந்து உள்ளே போய் வந்தார். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கும் புராஸ்டேட் ஆபரேஷனுங்களா?"

அவர் முன்வரிசையிலிருந்த தன் மனைவியைப் பார்த்தார். "சேச்சே! சுகருங்க. உங்களுக்கு?"

"எனக்கும் சுகர்தான்."

கெட்டிமேளம் கொட்டியது. இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"நீங்க போங்க" என்றார் தணிகாசலம்.

அவர் கதவருகே நின்று எதையோ சொல்ல வாய் திறந்தார். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். தணிகாசலத்தின் வேட்டி நனையத் தொடங்கியது.