வெடிச் சத்தம் எங்கே?

“எவன்டா சவுண்டை நிறுத்துனது?”

சிவகாசித் தியேட்டரின் மாடிப்படியில் தாவித் தாவி ஏறினார் டைரக்டர் பாண்டிச்செல்வம். உள்ளே மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய முதல் படம், இன்றுதான் ரிலீஸ்.

படத்துக்கு உயிரே அந்தப் பட்டாசு ஆலை வெடிவிபத்துதான். அந்தச் சத்தத்துக்காகவே சென்னையில் மாசக்கணக்காகக் கண் முழித்திருந்தார். காலையில் மதுரையில் பார்த்தபோது சீட்டெல்லாம் அதிர்ந்தது. ஜனம் மிரண்டுபோய்க் கை தட்டியது. இங்கே வந்து பார்த்தால், திரையில் ஷெட்டு சிதறுகிறது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஆபரேட்டர் ரூம் வாசலில் ஓவியா நின்றிருந்தாள். கோயில் பொங்கலுக்கு ஊர் ஊராக அவள் எழுதிப் போட்ட நாடகத்தைத்தான் அவர் படமாக எடுத்திருந்தார்.

அவளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துபோச்சு.

“ஓஹோ, உன் வேலைதானா?”

“ஆமாண்ணே. நான்தான் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட அந்த எடத்துல மட்டும் நிறுத்தச் சொன்னேன். உங்களுக்குப் போன் போட்டேன், நீங்க எடுக்கலை.”

“கடைசியில உன் பிடிவாதத்தைச் சாதிச்சுட்டேல்ல!”

அந்த நாடகத்தில் வெடியே வெடிக்காது. மேளம் அடித்துக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். வெடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றுவிடும். அம்புட்டுத்தான். கூட்டம் தேம்பித் தேம்பி அழும். படத்திலும் அப்படியே வேண்டும் என்று ஓவியா ஒற்றைக்காலில் நின்றாள். அவர் கேட்கவில்லை.

“அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மேடையில நீ சும்மா நின்னா, பாக்குறவன் தன் வீட்டுச் சாவை நெனச்சு அழுவான். தியேட்டர்ல சத்தம் நின்னா ஸ்பீக்கர் ரிப்பேர்னு கத்துவான். மேடைய விட்டுத் திரைக்கு வந்தா அர்த்தமே மாறிரும் பிள்ள. நேருக்கு நேர் வெடிச்சுக் காட்டுனாத்தான், பட்டாசு வாங்கி வெடிக்கிற வெளியூர்க்காரனுக்கு ஒறைக்கும்!”

“நீங்க சொன்னது சரிதாண்ணே.”

“என்னது?”

“மதுரையிலயும் சென்னையிலயும் அந்தச் சத்தம் இருக்கட்டும். அங்கன ஒருத்தருக்கும் இது தெரியாது, தெரியணும். தாராளமா வைங்க. இங்கன மட்டும் வேண்டாம்.”

“ஏன், உள்ளூர்ல உன் நாடகம்தான் ஒசத்தின்னு காட்டிக்கணுமாக்கும்? இதுக்குப் பேரு பொறாமை!”

ஓவியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரல் தணியவில்லை.

“காலை ஷோவை உங்க சத்தத்தோடதாண்ணே ஓட்டுனாக. வெடிச்சதும் பாதித் தியேட்டர் எந்திரிச்சு வெளிய ஓடிருச்சு. ‘எந்தக் கம்பெனி? பொகை எந்தப் பக்கம்?’னு நடுரோட்டுல நின்னு கத்துறாக. போன் போட்டுக் கேக்கவும் வழியில்ல. பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாகல்ல? கெடச்ச ஆட்டோவுல ஏறிக் கம்பெனி கேட்டுக்கே போயிட்டாக.”

பாண்டிச்செல்வம் நம்பவில்லை. சிரித்தேவிட்டார்.

“கதை விடாத! டிக்கெட் எடுத்து உக்காந்து சினிமாப் பாக்குறோம்ங்கிறதுகூடவா மறந்துபோகும்? எந்தக் கூறுகெட்டவ அப்படி ஓடுனா? சொல்லு பாப்போம்!”

“மொதல்ல ஓடுனது அந்தச் சீனை எழுதுன நான்தாண்ணே,” என்றாள் ஓவியா. “எங்கம்மா இன்னைக்கு வேலைக்குப் போயிருக்கு.”