ஒருவரும் நிறுத்தவில்லை

"மனுஷ ஜென்மமா இவங்கெல்லாம்? ஒருத்தனாவது நிறுத்துறானா பாரு."

ஊரார் பல்லையெல்லாம் பார்த்துப் பழகிய பல் மருத்துவர், இப்போது தம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நின்றார். பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி பறக்க, கார் சாலையோரத்தில் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மருத்துவரின் கைப்பேசி உயிரை விட்டது. மனைவியின் கைப்பேசியோ வீட்டில் சார்ஜரோடு சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் மகளின் பள்ளியில் நாடகம். அதில் அவள் மரமாக நிற்கிறாள்.

"மரத்துக்கு வசனம் கிடையாதுப்பா. ஆனா நீ முன் வரிசையில உட்காரணும்" என்று நேற்றே ஆணையிட்டிருந்தாள். கிளினிக்கைக் காரணம் காட்டிப் பள்ளி விழாக்களுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்த அப்பாவுக்கு இது கடைசி வாய்ப்பு.

"என்னங்க, முதல்ல இந்தப் பக்கம் வாங்க." தடுப்புக் கம்பிக்கு அப்பால், புல்மேட்டில் நின்றபடி மனைவி அழைத்தாள்.

"அங்க வந்து ஒளிஞ்சுகிட்டா நான் யார் கண்ணுக்குத் தெரிவேன்?"

"அந்தச் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தையாவது எடுத்துக் காருக்குப் பின்னாடி தள்ளி வைங்க."

"முக்கோணத்தைப் பார்த்து யாருக்காவது இரக்கம் வருமா? மனுஷன் முகத்தைப் பார்த்தாத்தான் நிறுத்துவாங்க."

"அந்த முகத்தைப் பார்த்துத்தான் இன்னும் வேகமா போறாங்க."

மருத்துவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்திலிருந்த டையை அவிழ்த்துக் கொடிபோல் வீசிக்கொண்டே இன்னும் ஓரடி சாலைக்குள் போனார். லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி மயிரிழையில் விலகிச் சென்றது. அந்தக் காற்றில் அவருடைய சட்டை படபடத்தது, நெஞ்சும்தான்.

"பார்த்தீங்களா?" மனைவியின் குரல் நடுங்கியது.

"பார்த்தேன். ஈவு இரக்கமில்லாத பய."

அடுத்து வந்த கார் வேகத்தைக் குறைத்தது. மருத்துவரின் முகம் மலர்ந்தது. உள்ளிருந்த குடும்பமே கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. பிறகு, கார் போயே போய்விட்டது.

"வேடிக்கை பார்க்கத்தான் மெதுவா வந்திருக்காங்க."

பின்னாலேயே ஒரு பேருந்து. சன்னல் தவறாமல் தலைகள்.

"பஸ் நிறைய ஆள். அத்தனை பேருக்கும் கல் நெஞ்சு."

"போன வாரம் இதே ரோட்டுல ஒரு வேன் நின்னுச்சே, நீங்க நிறுத்துனீங்களா?"

"எனக்கு அன்னிக்கு கிளினிக்குக்கு நேரமாச்சு."

"இவங்கெல்லாம் பொழுது போகாம கார் ஓட்டுறாங்களாக்கும்."

மருத்துவர் வாய் திறப்பதற்குள், தலையில் விளக்கு சுழல ஒரு ரோந்து வண்டி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த காவலர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மருத்துவரின் முழங்கையைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஏற்றிய பிறகே மூச்சு விட்டார்.

"இதைத்தான் நானும் அப்போலேருந்து ஓதிக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி.

காவலர் ஓடிப்போய், காருக்குப் பின்னே வெகுதூரத்தில் முக்கோணத்தை நிறுத்திவிட்டு, வயர்லெஸ்ஸில் பேசியபடியே திரும்பினார்.

"காரை இழுக்க ஆள் வருது சார். நீங்க எங்க போகணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு. மரம் மேடையேறதுக்குள்ள போயாகணும்."

காவலர் விழித்தார். மனைவி விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். "வழியிலதான் இருக்கு, நானே இறக்கி விடுறேன்."

மருத்துவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தர்தான்யா மனுஷன். இத்தனை வண்டி போச்சு, ஒருத்தருக்காவது ஈரம் இருந்துச்சா? ஆமா, கார் ரிப்பேராகி நிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"காரைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை சார். அந்த லாரிக்காரர்ல தொடங்கி பஸ் கண்டக்டர் வரைக்கும், தாண்டிப் போனவங்க அத்தனை பேரும் போன் பண்ணி, 'நடு ரோட்டுல ஒரு மனுஷன் நிக்கிறார், ஓடிப்போய்க் காப்பாத்துங்க'ன்னுதான் கெஞ்சினாங்க."