கீழே நீட்டிய கை

முன்னால் போகிறவன் சாலையில் பள்ளத்தைக் கண்டால் இடது கையைக் கீழே நீட்டிக் காட்டுவான். அதைப் பார்த்து அடுத்தவன் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குக் காட்டுவான். கடைசி ஆள் காட்ட வேண்டியதில்லை. கன்னியாகுமரிப் பயணத்தின் முதல் நாள், மூன்று சைக்கிள்களில் கடைசி சைக்கிள் தவசியுடையது. ஆனாலும் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கை தானாக நீண்டுகொண்டிருந்தது. டீக்கடையில் தாவூத் கேட்டேவிட்டான். “யாருக்குடா காட்டிட்டு வர்ற? உனக்குப் பின்னாடிதான் ஆளே இல்லையே.” தவசி டீயை ஆற்றினான். அவனுக்குப் பின்னால் எப்போதும் எபினேசர் வருவான். மெதுவாக மிதிப்பான், மூச்சு வாங்குவான், எப்படியும் வந்து சேர்ந்துவிடுவான். அவனையும் கூட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று மூன்று பேருமாக அவனை விட்டுவிட்டு வர முடிவு செய்திருந்தார்கள். பயணமே இல்லை என்று அவனுக்குப் போன் செய்தது தவசிதான். “பரவால்ல மாப்ள. டயர்தான் புதுசா மாத்தி வச்சிருந்தேன்” என்றான் எபினேசர். டீக்குப் பிறகு தவசி ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். பாலம் இறங்கியதும் ஆளையே விழுங்குகிற மாதிரி ஒரு பள்ளம். ஒதுங்கினான், கையை நீட்டவில்லை. காது மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பிரேக்கைப் பிடித்து வந்த வழியே திருப்பினான். “டேய், எங்கடா போற?” என்ற தாவூத்தின் குரல் தூரத்தில் தேய்ந்தது. தவசி பள்ளத்தின் ஓரம் சைக்கிளை நிறுத்தி, ஆளற்ற சாலையைப் பார்த்தபடி, இடது கையைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றான்.