வேக மணி

கோயில் மணிக் கயித்த அவ விட்டுட்டா. மணி அதுபாட்டுக்கு இன்னொரு தடவ அடிச்சு ஓஞ்சுது.

தெருவுல யாரோ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடுறது கேட்டுச்சு.

"யம்மா, பாக்கியத்தாயி மதினி போயிட்டாளே!"



யாரும் போகல. யாருமே சாகல. அவ ஆராதனைக்குத்தான் மணி அடிச்சா.

மணி அடிக்கிறது அப்பாவோட வேல. கோயில் வேல பாக்குறதால கோயில்குட்டின்னுதான் ஊரே அவரக் கூப்பிடும். நாளைக்கு நற்கருணைக்குத் திராட்ச ரசம் வாங்க டவுனுக்குப் போனவரு பஸ்ஸ விட்டுட்டாரு. "சாயந்தர மணிய மட்டும் நீ அடிச்சிரு மக்கா"ன்னு போன்ல சொன்னாரு. ஆராதனைக்கு வேக மணி. டண்டண்டண்ணு மூச்சு விடாம அடிக்கணும்.

கயிறு மழையில ஊறிக் கெடந்துச்சு. கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனம். இழுத்தா ஒரு அடி விழும். திரும்ப மூச்சப் பிடிச்சு இழுக்குறதுக்குள்ள மணி நின்னுரும்.

ஒரு அடி.

அப்புறம் ஒண்ணுமில்ல.

அப்புறம் ஒரு அடி.

அப்படி அடிச்சா ஊருக்கு ஒரே அர்த்தந்தான். சாவு. அதுக்கப்புறம் சவத்த எடுக்குற வரைக்கும் வேக மணி கெடையாது. கல்யாணமே இருந்தாலும் கெடையாது.

ஓடுனா.

பாக்கியத்தாயி வீட்டு வாசல்ல செருப்பா கெடந்துச்சு. கார்த்திகையிலருந்து படுக்கையில கெடக்குற மனுசி, கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து எல்லாரையும் முறைச்சுக்கிட்டு இருந்தா.

"எவட்டி செத்தது? இங்க வந்து ஏன் நிக்கிய?"

 தோட்டத்துச் சாமந்திய அப்படியே பறிச்சுட்டு வந்த ஒரு மாமா, மெதுவா அத முதுகுக்குப் பின்னால மறச்சாரு.

"பெரியம்ம, நாந்தான்." அவ வாசல்லயே நின்னா. "கயிறு இழுக்க வரல."

 அப்புறம் ஒருத்தி சிரிச்சா. வீடே சிரிச்சுது.

"ஏட்டி, ஆள உயிரோட அனுப்பி வைக்கப் பாத்தியே!"

பாக்கியத்தாயியும் சிரிச்சா. சிரிச்சு, இருமி, மறுபடி சிரிச்சா.

பக்கத்து வீட்டு எபனேசர் மட்டும் சிரிக்கல. போனக் கையில வச்சுக்கிட்டே நின்னான்.

"சித்தி, ஜெபசிங்குக்குச் சொல்லிட்டேன்."

சிரிப்பு அறுந்துபோச்சு.

ஜெபசிங் ஒரே மகன். பம்பாயில இருக்கான். வேற சபையில பொண்ணு எடுத்தான்னு அவன் கல்யாணத்துக்கு அம்மா போகல. "இனிமே என் சாவுக்கு வந்தாப் போதும்"னு சொல்லிவிட்டா. அவனும் அந்த வார்த்தையத் தட்டல. அம்மா படுத்துட்டாங்கன்னு சபைய நடத்துற ஐயரே போன் பண்ணிப் பாத்தாரு. வரல.

"என்னடே சொன்னான்?"

"அழுதான். பிளைட்டுப் பிடிச்சு உடனே வாரேன்னான்."

பாக்கியத்தாயி சொவத்தப் பாத்தா. 

"எல்லாரும் ஆராதனைக்குப் போங்க. போன இங்க வச்சிட்டுப் போ எபனேசரு."

போனாங்க. வாசல்ல நின்ன அவள மட்டும் கிட்ட கூப்பிட்டு, பிடிச்ச கையப் பாக்கியத்தாயி விடல.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராத மக்கா. இந்தப் படி ஏறுற வரைக்கும் நான் செத்தவளாவே இருந்துக்கிடுதேன்."



போன ஞாயித்துக்கிழமதான் பிஷப் அவ தலையில கைய வச்சுத் திடப்படுத்துனாரு. நாளைக்கு மொதத் தடவ நற்கருணை. வெள்ளச் சேல தேச்சு மடிச்சு வச்சிருக்கு. பொய் சொன்ன வாயோட எப்படிப் போயி முழங்கால் போடுறது?

உண்மையச் சொன்னா அவன் பாதியில திரும்பிருவான். பெரியம்மாவுக்கு அடுத்த மழை உண்டோ என்னவோ.

போன் அடிச்சுது.

பாக்கியத்தாயி அத அவ பக்கம் தள்ளுனா. "நீ எடு. என் இருமல் அவனுக்குத் தெரியும்." சேல முந்தியச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டா.

எடுத்தா.

"எபனேசரு?"

"நான் கோயில்குட்டி மக, அண்ணே."

"ஏர்போர்ட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கேன். நான் வாரதுக்குள்ள எங்கம்மாவ எடுத்திராதீங்க." குரல் ஒடஞ்சிருந்துச்சு. "மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

"எடுக்க மாட்டாங்கண்ணே."

அது பொய்யில்ல. இல்லதான?

"ஒங்கப்பாதான் மணி அடிச்சாரா?"

"இல்லண்ணே. நாந்தான்."

"சின்னதுல அந்தக் கயித்துல நான் தொங்காத நாளில்ல." மூக்க உறிஞ்சுனான். "அம்மாவுக்கு நிதானமா அடிச்சியா?"

"ரொம்ப நிதானமா அடிச்சேண்ணே."

பாக்கியத்தாயி கண்ண மூடிக்கிட்டா. கண்ணோரம் ஈரம் எறங்குச்சு.

அப்பத்தான் அப்பா பஸ்ஸ விட்டு எறங்கியிருக்கணும். ஆராதனைக்கு நேரமாச்சுன்னு, யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காம, நேரா கோயிலுக்குப் போயிருக்கணும்.

டண்டண்டண்டண்டண்.

மூச்சு விடாம. தெரு பூரா.

பாக்கியத்தாயி வாயிலருந்து முந்தி நழுவிச்சு.

போன்ல அழுக நின்னுபோச்சு. காரு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"தங்கச்சி."

அவ போனக் கையால பொத்தப் பாத்தா.

"அங்க என்ன மணி அடிக்குது?"