முப்பத்திரண்டு சாரி

"சிரிச்சிட்டா! மறுபடியும் சிரிச்சிட்டா!"

ஷைனி போட்ட கூச்சலில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டே திரும்பிப் பார்த்திருக்கும். ஆறு மாசமாக அவள் உயிரைக் கொடுத்து உருவாக்கிய பூமிகா கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூமிகா, ஒரு கேமுக்குள் வேலை பார்க்கும் மெஷின் ஆபரேட்டர். புதுசாக வரும் சூப்பர்வைசர்கள், ஆட்களை எப்படி நடத்துவது என்று ஆடிப் பழக வேண்டிய கேம் அது. திட்டினால் பூமிகாவின் முகம் சுருங்கும், கண் கலங்கும். சமாதானம் சொன்னால் மலரும். அடேயப்பா, அதற்கு எத்தனை பாடு!

மூணு மணிக்கு, கேமை வாங்கப்போகும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் ஷைனியின் முதல் கேம் வெளியே வந்துவிடும். பாக்கி ஒரே ஒரு கையெழுத்துதான். சோதித்துப் பார்க்க வந்திருந்த அந்தோணியின் கையெழுத்து. பக்கத்துத் தெருவில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர்.

அந்த மனுஷனோ காலையிலிருந்து பூமிகாவை விடவில்லை. ஒரு திட்டு, ஒரு சாரி. மறுபடி ஒரு திட்டு, ஒரு சாரி. அழவைத்துப் பார்ப்பதில் அப்படி என்ன ஆசையோ!

"முப்பத்திரண்டு தபா திட்டிட்டீங்கண்ணே. சாரி சொன்னதும் முப்பத்திரண்டு தபாவும் சிரிச்சிட்டா. ஒரு தப்பு இல்ல! போடுங்கண்ணே கையெழுத்த!"

அந்தோணி பேனாவை எடுத்தார். 'சரியில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாண்ணே, வெளயாடறீங்களா? நாள் பூரா அவள அழ வெச்சிட்டு, இப்ப என்னையும் அழ வெக்கறீங்களே!"

"அது சிரிக்கறதுதாம்மா தப்பு. ஒரு தபாவாச்சும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குமான்னு பாத்துக்கினே இருந்தேன். ம்ஹூம். இத ஆடிப் பழகினவன், ஆள எப்டி வேணா திட்டலாம், ஒரு சாரி சொன்னா சரியாப் பூடும்னு நெனச்சிக்குவான்."

"சாரி சொன்னா யாருக்கா இருந்தாலும் மனசு ஆறிடும்ணே. ஆறாதுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அந்தோணி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க ஷாப்ல முத்தம்மாள்னு ஒரு அம்மா. தப்பு அவங்களுது இல்லன்னு தெரியாம, போன மாசம் எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அன்னிலேர்ந்து டெய்லி சாரி சொல்லிக்கினு கீறேன்மா. 'பரவால்ல சார்'ங்கறாங்க. இன்னும் சிரிக்கல."