நடுவில் இருந்த பெயர்

"ஆய்வுக் கட்டுரையில நடுவுல பேர் இருந்தா குடுவை கழுவின ஆளுன்னு அர்த்தமா? உனக்கு இதை யாரு சொன்னது, எவரெட்?"

மொழியியல் பேராசிரியை ஜினெட் பாபின் சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த மீன் சூப் மேசையில் சிந்தியது. ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தப் பல்கலைக்கழக உணவகத்தில் மதியக் கூட்டம்.

"யாரும் சொல்லணுமா? எங்க கடல் உயிரியல்ல அதான் வழக்கம்" என்றார் எதிரே இருந்த எவரெட் அமிரோ. "கட்டுரையில முதல் பேர், நிஜமா உழைச்சவன். கடைசிப் பேர், ஆய்வகத்து முதலாளி. நடுவுல இருக்கறவங்க பாவம், கூட இருந்தாங்க."

"சரி, எங்க திமிங்கலக் கட்டுரையையே எடுத்துக்க. பாபின், மக்நீல், ஸ்விக்கர். நான்தான் முதல்ல. நான் என்னத்தைக் கிழிச்சேன்னு நினைக்கறே?"

"திமிங்கலச் சத்தத்துல மொழி மாதிரி ஓர் ஒழுங்கு இருக்குன்னு கண்டுபிடிச்சே."

"நான் சத்தங்களுக்குப் பேர் வச்சேன். ஸ்விக்கர் ஒலிப்பதிவு கொடுத்தார். அந்த ஒழுங்கைக் கண்டுபிடிச்சு, கணக்குப் போட்டு நிரூபிச்சது முழுக்க கணிதத் துறை ரோனா மக்நீல். நாலு வருஷ உழைப்பு. கணக்குக்காரங்க எப்பவும் பேரை அகரவரிசையிலதான் போடுவாங்கப்பா. என் பேர் 'பி'யில ஆரம்பிக்குது, அதனால நான் ராணி."

அமிரோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னாச்சு? மீன் கெட்டிருக்கா?"

"ஜினெட், ரோனாவோட நிரந்தர வேலைக்கான குழுவில நான் இருந்தேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"ஆளாளுக்குத் தனியா டீனுக்கு எழுதி, உறையை ஒட்டிக் கொடுக்கணும். டீன் வேதியியல்காரர். திமிங்கலம்னா என் பேச்சைத்தான் நம்புவார். நான் மூணு பக்கம் எழுதினேன். நாலு கட்டுரையிலும் அவ நடுவுல இருக்கா, அதனால…" அவர் காது மடல்கள் சிவந்தன. "திமிங்கலத்து முதுகுல ஒட்டிக்கிட்டு ஊர் சுத்தற சிப்பின்னு எழுதினேன்."

அந்த வரியை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று தன் அறையில் தானே இரண்டு முறை படித்துப் பார்த்தது அமிரோவுக்கு நினைவு வந்தது. சூப்பைத் தள்ளி வைத்தார்.

"டீன் எப்ப கையெழுத்துப் போடறார்?"

"நாளைக்குக் காலையில. இப்பவே போய் என் அறிக்கையைத் திரும்ப வாங்கிடறேன். எழுதினது யாருன்னு வெளியே தெரியாது. அவளுக்கு வேலை கிடைச்சிடும்."

"நீ தப்பிச்சுக்குவே. அவ காலம் பூரா, எவன் அப்படி எழுதினான்னு ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துக்கிட்டே இருப்பா. அவ கிட்டயும் போய்ச் சொல்லு."

"அவ ஏற்கெனவே என்னைச் சந்தேகப்படறான்னு நினைக்கிறேன். ஒரு வாரமா என்னைப் பார்த்தாலே வேற படியில இறங்கிப் போயிடறா."

"அப்ப இன்னும் சுலபம். போ."

சுலபமாக இல்லை. டீன் அறையில் பத்து நிமிடம் ஆனது. கணிதத் துறையின் மூன்றாம் மாடிக்கு ஏற அதைவிட அதிக நேரம் ஆனது.

ரோனா மக்நீல் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கைகள் நின்றன. பார்வை சட்டென்று ஜன்னலுக்குப் போனது.

"உங்க ஆய்வுப் படகுக்கு இந்த வருஷம் அனுமதி கிடைக்கலைன்னு கேள்விப்பட்டேன், எவரெட். வருத்தமா இருந்தது."

"அது கிடக்கட்டும். இருபத்திரண்டு வருஷத்தில முதல் தடவையா கோடையில கரையில நிக்கப்போறேன். அவ்வளவுதானே." அவர் பெட்டியைப் பார்த்தார். "எங்கே கிளம்பறீங்க?"

"சஸ்காட்செவன்ல ஒரு தற்காலிக வேலை. அங்கேருந்து கடலுக்கு ரெண்டு நாள் பயணம். திமிங்கலத்தை இனிமே படத்துலதான் பார்க்கணும்." சிரிக்க முயன்றாள். "என்னைச் சிப்பின்னு யாரோ எழுதியிருக்காங்களாம். டீன் வாசிச்சுக் காட்டினார்."

அமிரோ கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"நான்தான்."

ரோனா திரும்பினாள்.

"அதை எழுதினது நான்தான். எங்க துறையில முதல் பேர்தான் வேலை செஞ்சவர். நடுவில இருந்தா ஒண்ணுமில்லை. ஊர் முழுக்க அப்படித்தான்னு நினைச்சிட்டேன். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கலை. இப்ப டீன் கிட்டேருந்துதான் வர்றேன். தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். உங்க வேலை உங்களுக்குத்தான். அந்தப் புத்தகத்தை எல்லாம் எடுத்து வெளியே வைங்க."

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கோபமும் வரவில்லை. முகம் வெளுத்தது.

"முதல் பேர்தான் வேலை செஞ்சவரா?"

"ஆமா."

"எப்பவுமா? பேர் எந்த எழுத்தில ஆரம்பிச்சாலும்?"

"எப்பவும். நீங்க என்னைத் திட்டணும் ரோனா. திட்டுங்க, கேட்டுக்கறேன்."

ரோனா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"படகு அனுமதிக் குழுவில உயிரியல்காரங்க இருக்கக்கூடாதுன்னு என்னைப் போட்டாங்க" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "முப்பது கட்டுரையிலும் உங்க பேர்தான் முதல்ல இருந்தது. 'அமிரோ என்பதால் அகரவரிசையில் முதலில் வருகிறார், மற்றபடி இவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை'ன்னு எழுதினது நான்தான்."