மானைத் தூக்க ஓர் ஆள்

பிராண்டே நகரில், ரொஷான் வீட்டுக் குசினி மேசையில், கிருஷாந்த் மான் வேட்டைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பண்ணைக் கட்டணம், மானின்ரை விலை, ஒரு இரவுத் தங்கல், எல்லாம் என்ரை செலவு. லைசன்ஸ் இருக்கு, சுடுறதும் நான்தான். மச்சான் என்னோடை வந்தால் போதும்."

ரொஷானின் மனைவி அஜந்தினிக்கு இது பிடிபடவில்லை. கோப்பிக் காசைக்கூடப் பங்கு பிரிக்கிறவன், வேலையில் விழுந்து முதுகுவலியென்று மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும் சிநேகிதன் ரொஷானுக்கு இவ்வளவு செலவழிப்பானா?

"சுட்ட மானை ஆர் தூக்கிறது அண்ணை?"

"பண்ணையிலை ட்ராக்டர் இருக்கு. அதுக்கு வேறை காசு கேக்கிறாங்கள், அதைக் கணக்கிலையிருந்து வெட்டிப்போட்டன். நாங்களே தூக்குவம். மானைத் தோளிலை வச்சு மச்சானை ஒரு படம் எடுக்கவேணும்."

"எல்லாத்துக்கும் அள்ளிக் குடுக்கிறியள், ட்ராக்டருக்கு மட்டும் கணக்குப் பாக்கிறியள். இப்ப எங்கை வேலை எண்டனீங்கள்?"

"ஒரு காப்புறுதிக் கொம்பனியிலை."

"இவர் நட்டஈடு கேட்டிருக்கிற அதே கொம்பனியோ?"

கிருஷாந்த் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ரொஷான் ஊன்றுகோலைப் பிடித்து முனகியபடி வாசல்வரை போய் வழியனுப்பினான்.

கார்ச் சத்தம் தேய்ந்தது. ரொஷான் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினான். வாசலில் கிடந்த இருபது கிலோ அரிசி மூட்டையை ஒரே வீச்சில் தோளில் ஏற்றினான்.

"இதை எங்கை வைக்கிறது?"

"முதல்லை யன்னல் சீலையை இழுத்துவிடுங்கோ" என்றாள் அஜந்தினி.